முடிகிற வேலை

எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் பெண் இருக்கிற வீட்டில் வரன் வந்தால், ஊர் எது, படிப்பு என்ன என்பதெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, பெர்மனென்டா காண்ட்ராக்டா? எங்கள் மகளுக்கு வரன் வந்தபோது என் வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார். காண்ட்ராக்ட்தான், ஆனால் சீனியாரிட்டி இருக்கிறது, இன்றைக்கோ நாளைக்கோ பெர்மனென்ட் ஆகிவிடும் என்றார்கள். அந்த இன்றைக்கோ நாளைக்கோவை நம்பித்தான் ஒரே மகளைக் கொடுத்தோம்.

மாப்பிள்ளைக்கு ஊர் மேல்பட்டாம்பாக்கம். பெயரை எழுதப்போவதில்லை. மாப்பிள்ளையைப் பெயர் சொல்லும் பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. நேருக்கு நேர் நின்று பேசும் பழக்கமும் எனக்குக் கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்களும் எங்கள் குவார்ட்டர்ஸிலேயேதான் இருந்தார்கள். அவர் கூடத்தில் இருந்தால் நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருப்பேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டுமென்றால், "தட்டு வச்சாச்சுன்னு சொல்லும்மா" என்று மகளிடம் சொல்வேன். மகள் இல்லாத நேரத்தில் சுவரைப் பார்த்துச் சொல்வேன். அவரும் சுவரிடமே, "தோ வரங்க அத்த" என்பார். இப்படியே வருஷங்கள் போயின. அதனால் அவருடைய முகத்தை நான் பார்த்ததைவிட முதுகைப் பார்த்ததுதான் அதிகம். சட்டையில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் அன்றைக்கு ஷிப்டுக்குப் போகவில்லை என்று அர்த்தம். கரி ஒட்டியிருந்தால் போயிருக்கிறார். கதவிடுக்கு வழியாக நான் தினமும் அந்தச் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பு நாட்கள்தான் மிகுதி.

சுண்ணாம்புக்குக் காரணம் இதுதான். டவுன்ஷிப்பில் ரிடையர் ஆகிறவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளை பெற்று, வளர்த்து, கல்யாணம் செய்து வைத்த வீடு எப்படி அப்படியே இருக்கும்? பின்பக்கம் சிமென்ட் ஷீட் போட்டு ஒரு கொட்டகை இறக்கியிருப்பார்கள். துவைக்கிற கல் பதித்திருப்பார்கள். மாடு வைத்திருந்தவர்கள் தொட்டி கட்டியிருப்பார்கள். துளசி மாடம், கோழிக்கூண்டு, ஸ்கூட்டருக்கு ஒரு சாய்ப்பு என்று ஆளுக்கொன்று சேர்ந்திருக்கும். அதையெல்லாம் பிரித்து, இடித்து, பள்ளம் மூடி, சுவர் ஓட்டை அடைத்து, வெள்ளையடித்துக் கொடுப்பதை எங்கள் மாப்பிள்ளை தனியாகப் பேசி எடுத்துச் செய்தார். ஷிப்ட் முடிந்து வந்து செய்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? இவர் ஷிப்டை விட்டுவிட்டு அதற்குப் போவார். அங்கேதான் எனக்கு வயிறு எரியும்.

எங்கள் ஊரில் காண்ட்ராக்ட் என்றால், பெர்மனென்டுக்குக் காத்துக்கிடப்பது என்று பொருள். முடி நரைத்தும் காத்துக்கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள். இவரும் தன் சொந்த வேலையைக் காண்ட்ராக்ட் என்றுதான் சொல்வார். ஆனால் சொல்லும்போது அதில் காத்திருக்கிற சங்கடம் ஒன்றும் இருக்காது. புதுச் சட்டை என்று சொல்வதைப்போலச் சொல்வார்.

அவர் வேலை பேசுகிற விதத்தை மகள்தான் எனக்குச் சொன்னாள். போனவுடன் விலை பேச மாட்டாராம். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவாராம், வாயைத் திறக்காமல். பிறகு வீட்டுக்காரரிடம், "வர்ற வெசாழக்கெழம சாயங்காலம் ஒங்க கையில குடுத்துர்றேன்" என்று ஒரு நாளைச் சொல்வாராம். அவருக்கு அந்த நாள்தான் முக்கியம். நாள் சொல்ல முடியாத வேலை என்றால், யார் கேட்டாலும் எடுக்க மாட்டார்.

இதனால் கெட்டுப்போன காரியங்களில் ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பெரிய அதிகாரி வீட்டம்மா எங்கள் வீட்டுக்கே காரில் வந்தார்கள். அவர்கள் வீட்டுக் கொட்டகையை மாப்பிள்ளை பிரித்துக் கொடுத்ததில் மிகவும் பிடித்துப்போய், தோட்ட வேலைக்குக் கேட்க வந்திருந்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் வந்தால் போதும், வருஷம் முழுக்க வேலை இருக்கும் என்றார்கள். கதவுக்குப் பின்னால் நான் குண்டானும் கையுமாகச் சாமியை வேண்டிக்கொண்டு நின்றேன். இப்படி ஓர் இடத்தில் பழக்கம் இருந்தால் பெர்மனென்ட் விஷயத்தில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று என் புத்தி ஓடியது.

மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டே, "புல்லு வேலை வேணாங்கம்மா" என்றார்.

"ஏம்ப்பா, ஒனக்கு ஒத்தாசைக்கு ஆள் கெடைக்கலியா?"

"ஆளு கெடைப்பாங்க. வெட்டிட்டுத் திரும்பறதுக்குள்ள புல்லு மொளைச்சிருதுங்களே. எந்தக் கெழமைக்கு முடிச்சித் தரேன்னு ஒங்களாண்ட நான் சொல்றது?"

அந்த அம்மா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் கையிலிருந்த குண்டானைச் சத்தம் வரும்படி கீழே வைத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். கூடத்தில் அவர் முதுகு அசையவில்லை.

எங்கள் எதிர் குவார்ட்டர்ஸில் ஓர் அம்மா இருந்தாள். அவள் மகன் பெர்மனென்ட். மாப்பிள்ளை பகலில் வீட்டில் இருந்தால் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். கறிவேப்பிலை கேட்டு வருவாள். அவள் வீட்டிலேயே மரம் இருக்கிறது. கூடத்தில் படுத்திருக்கிறவரை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாக்கா, ஒங்க மாப்ளைக்கு இன்னிக்கி எந்த ஷிப்ட்டு?" என்பாள். கறிவேப்பிலையைக் காம்போடு ஒடித்துக் கொடுத்து அனுப்புவேன்.

ஒரு வீட்டு வேலை முடிந்த மறுநாள் அவர் அப்படித்தான் தூங்குவார். பட்டப்பகலில், வாசல் கதவு திறந்திருக்க, கூடத்தின் நடுவில், வெறும் தரையில். யாருக்கும் எந்த பாக்கியும் இல்லாதவனுடைய தூக்கம். என் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தாலும் காதை விழித்துவைத்துக்கொண்டே தூங்குகிறவர். அவர் மைன்ஸில் தண்ணீர் இறைக்கும் பம்ப் பக்கம் வேலை செய்தார். சுரங்கத்துக்கு அடியில் ஊறுகிற தண்ணீரை நிறுத்தாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தத் தண்ணீர் நின்றதில்லை. அதைப் பெருமையாகத்தான் சொல்வார். வீட்டுக்குள் நுழையும்போது இந்தத் தூக்கத்தைத் தாண்டித்தான் அவர் உள்ளே வர வேண்டியிருக்கும். செருப்பை வழக்கத்தைவிட அழுத்தி உதறுவார்.

ஆனால் ராத்திரி சாப்பாட்டு நேரம் என்று ஒன்று இருந்தது. அதையும் சொல்லாமல் விட்டால் சரியில்லை.

டவுன்ஷிப்பில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருக்கிறார்கள். திருநெல்வேலி, மதுரை, கோயமுத்தூர் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். மாப்பிள்ளை யார் வீட்டில் இடித்தாலும் அந்த வீட்டுப் பேச்சையும் கூடவே கொண்டு வந்துவிடுவார். ஒரு வாரம் மகளை "ஏனுங்க அம்மணி, சோறு ஆச்சுங்களா?" என்று கூப்பிடுவார். அடுத்த வாரம், "ஏட்டி, இங்கன வா" என்பார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு டீச்சர் வீட்டில் கிணற்றடி மேடையை உடைத்தபோது, தேங்காய் அரைத்து வைக்கிற மீன் குழம்பைக் கேட்டு வந்து மகளை வைக்கச் சொன்னார். வைத்தாள். அதை என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கி இரண்டாம் தடவையும் சாப்பிட்டார். அது வேறு விஷயம்.

ஒருநாள் மகள் அவரிடம், இப்படி வீடு வீடாகப் போய் இடிப்பதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். அவள் எனக்காகத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

"இந்த டவுன்ஷிப் கேட்டத் தாண்டி நான் எங்கனா போறனா? போறதில்ல. ஆனா போன வாரம் கோயமுத்தூர்ல இருந்தேன், இந்த வாரம் நாகர்கோயில்ல இருக்கேன். எந்த வூட்டுக்குப் போவணும்னு நானே பாத்துக்கறேன். அந்த வூட்டுக்காரங்க பின்னாலேயே நின்னுக்கினு நொய் நொய்னு இருந்தாலும், ஒரு வாரந்தானே? முடிச்சிட்டா அவங்க யாரோ நான் யாரோ. முடிச்சிட்டுத் திரும்பி ஒருவாட்டி பாப்பம் பாரு, அப்ப எடம் சுத்தமா கெடக்கும். அது நான் செஞ்சது. யாரும் வந்து அதுமேல குப்பையக் கொட்ட முடியாது."

இதைக் கேட்டு மகள் "சரிதான் போங்க" என்றாள். நான் கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். கோயமுத்தூரிலும் நாகர்கோவிலிலும் இருந்ததாக அவர் சொன்னதற்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, சிரித்ததற்காக என்மேல் எனக்கே கோபம் வந்தது. ஒரு மனுஷன் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்து ஆத்திரப்படுவது நல்ல குணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் சந்தோஷத்துக்கு வெளியே நாங்கள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தோம்.

ஏனென்றால் என் வீட்டுக்காரருக்கு ரிடையர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கென்று வீடு கிடையாது. கம்மாபுரம் பக்கம் இருந்த நிலமும் வீடும் எப்போதோ சுரங்கத்துக்குப் போய்விட்டன. அவருக்கு வேலை முடிகிற அன்று எங்களுக்கு இந்த வீடும் முடியும். மாப்பிள்ளை பெர்மனென்ட் ஆனால் அவர் பெயருக்கு ஒரு குவார்ட்டர்ஸ் கிடைக்கும். வயதான காலத்தில் மகளோடு, இதே மர நிழலில், இதே ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் இருந்துவிடலாம். ஆகாவிட்டால் நாங்கள் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த உலகம் இந்த பிளாக்தான். காய்கறிக்காரர்கூட நான் கேட்காமலேயே எனக்கு வேண்டியதை எடுத்துப் போடுவார். புது இடத்தில் எல்லாவற்றையும் நானே வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

ஒருவழியாக அந்த நாள் வந்தது. மாப்பிள்ளைக்குப் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது.

அன்று நான் கேசரி கிளறினேன். எதிர் வீட்டு அம்மா கறிவேப்பிலை கேட்காமலேயே வந்தாள். "இனிமே கவலையில்லக்கா" என்றாள். அவளுக்கு ஒரு கரண்டி கேசரி கூடவே வைத்தேன். மாப்பிள்ளைக்குத் தொப்பியும் ஷூவும் கொடுத்திருந்தார்கள். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு கூடத்தில் அவர் நடந்தபோது, யாருடையதையோ மாற்றிப் போட்டுக்கொண்டவர்போல இருந்தது. எனக்குப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

வேலை, பெல்ட் பக்கம். வெட்டியெடுக்கிற கரி நீளமான பெல்ட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடும்போது ஓரத்தில் சிந்தும். சிந்தியதை அள்ளி மறுபடி பெல்ட்டில் போட வேண்டும். காண்ட்ராக்டில் இருந்தபோது இவரை அங்கும் இங்கும் அனுப்புவார்கள். ஒரு வாரம் தண்ணீர்த் தொட்டி கழுவுவது, ஒரு வாரம் கைப்பிடிக் கம்பிக்குப் பெயின்ட் அடிப்பது. அதனால் சமாளித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. இப்போது ஒரே இடம்.

ஒழுங்காகப் போனார். அதைச் சொல்ல வேண்டும். காலை ஷிப்ட், மத்தியான ஷிப்ட், நைட் ஷிப்ட் எல்லாவற்றுக்கும் போனார். சட்டையில் சுண்ணாம்பே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் திருநெல்வேலியும் இல்லை, கோயமுத்தூரும் இல்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். பகலில் படுத்தாலும் புரண்டு புரண்டு படுப்பார். ஒருநாள் மகள் என்னிடம் வந்து, "அவுரு சரியாவே இல்லம்மா" என்றாள். பெர்மனென்ட்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள், உன் அப்பா என்றைக்கு வாயைத் திறந்து பேசியிருக்கிறார் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் திரும்பிக்கொண்டு அரிசி களைந்தேன்.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அவர் எதிரில் போய் நின்று, "மாமா, எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்" என்றார்.

எதை என்று என் வீட்டுக்காரர் கேட்கவில்லை, வேலையைத்தான் என்று புரிந்துவிட்டது. துடைக்கிற துணி மட்டும் நின்றது. என்ன குறை, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று மெதுவாகக் கேட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாரும் நல்ல மாதிரிதான் என்றார் மாப்பிள்ளை. பிறகு ஏன் என்றார் இவர்.

"அள்றேன் மாமா. அள்ளிட்டுத் திரும்பிப் பாத்தா அங்கியே கெடக்குது. திரும்பியும் அள்றேன். ஷிப்ட்டு முடியுது, வேலை முடியல. விட்ட எடத்துல அடுத்த ஆளு அள்றான். நாளைக்கிப் போனா அதே எடத்துல அதே மாதிரி கெடக்குது. நான் அங்க இருந்தன்றதுக்கு ஒண்ணுமே இல்ல."

"நான் தண்ணி எறைக்கலியா?" என்றார் என் வீட்டுக்காரர். குரல் உயரவே இல்லை. "நிக்கலன்னு நான் எழுந்து வந்துட்டனா?"

அதற்குள் நான் கதவைத் தாண்டிக் கூடத்துக்கு வந்துவிட்டிருந்தேன். எப்படி வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. கையில் கழுவிக்கொண்டிருந்த சட்டி அப்படியே இருந்தது. சாம்பலும் தண்ணீரும் தரையில் சொட்டின. மாப்பிள்ளையின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. அது அவருக்கு இருப்பதே எனக்குத் தெரியாது.

"எனக்கு எந்த வேலைங்க முடிஞ்சிது?" என்றேன்.

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள்.

"தோ, இந்தச் சட்டிய காலையிலயும் கழுவுனேன். நாளைக்கும் கழுவுவேன். பெருக்குன எடத்தத்தான் பெருக்கறேன். வடிச்ச சோத்தத்தான் வடிக்கறேன். திரும்பிப் பாக்கறதுக்கு எனக்கு எங்க எடம் சுத்தமா கெடக்குது? நான் யாராண்ட எழுதிக் குடுக்கறது? சொல்லுங்க, நீங்கதான் நாலு ஊரு பாத்தவராச்சே."

மாப்பிள்ளை தலையைக் குனியவில்லை. கோபப்படவும் இல்லை. நான் சொன்னதை ஒரு வீட்டைச் சுற்றிப் பார்ப்பதுபோல முழுதாகச் சுற்றிப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு, "ஆமாங்க அத்த" என்றார்.

அவ்வளவுதான். எதிர்த்து ஒன்று சொல்லியிருந்தால் நானும் பத்து சொல்லியிருப்பேன். வருஷக்கணக்காகக் கதவுக்குப் பின்னால் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் தொண்டைவரை வந்துவிட்டது. ஆமாம் என்கிறவரிடம் என்ன சொல்வது? சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். போகும்போது தரையில் சொட்டியிருந்த சாம்பல் தண்ணீரை நானே குனிந்து துடைத்துக்கொண்டும் போனேன்.

மறுநாளே வண்டியின் பின்னால் கடப்பாரையையும் சம்மட்டியையும் கட்டிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். அன்று சாயங்காலம் சட்டையில் சுண்ணாம்பு. ராத்திரி மதுரைப் பேச்சு. மகள் முதலில் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். எதிர் வீட்டு அம்மா வந்து, கையில் கிடைத்ததை இப்படி உதறுவார்களா என்று வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். கிடைக்காமல் எத்தனை பேர் கிடக்கிறார்கள் என்றாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் அழுவேன் என்று காத்திருந்தாள். கறிவேப்பிலை இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

பிறகு ரிடையர்மென்ட் வந்தது. வடலூரில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். பஸ் சத்தம் ஓயாத தெரு. மகளும் மாப்பிள்ளையும் மேல்பட்டாம்பாக்கத்துக்கு, அவருடைய அம்மா வீட்டுக்குப் போவது என்று முடிவானது. நான் பயந்தபடியே நாங்கள் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம்.

எங்கள் குவார்ட்டர்ஸையும் வாங்கியபடியே திருப்பிக் கொடுக்க வேண்டுமே. என் வீட்டுக்காரர் வெளியாள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளை கேட்கவில்லை. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அத்தனை வருஷம் தின்று தூங்கிய வீட்டை, அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர்போலச் சுற்றினார். வந்து என் வீட்டுக்காரரிடம், "ஞாயித்துக்கெழம மத்தியானம் குடுத்துர்றேன் மாமா" என்றார்.

பின்பக்கத்துக் கொட்டகை முதலில் போனது. நான் வெந்நீர் போட்ட இடம். ஷீட்டை ஒன்றுகூட உடையாமல் இறக்கிச் சுவரோரம் சாய்த்தார். பிறகு துவைக்கிற கல்லைப் பெயர்த்தார். அதன் அடியில் மண் கறுத்து ஈரமாக இருந்தது. அங்கே புது மண் போட்டு மிதித்துச் சமமாக்கினார். வேலியோரம் நான் கீரை போட்டிருந்த பாத்தியையும் மட்டம் செய்தார். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், அவ்வளவு நன்றாகச் செய்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏனோதானோ என்று செய்திருந்தால் திட்டிக்கொண்டாவது இருந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி முடிந்தது. சாமான்கள் குட்டி யானை வண்டியில் ஏறிவிட்டன. என் வீட்டுக்காரரும் மகளும் வாசலில் இருந்தார்கள். வெள்ளையடித்த வாசனையோடு வீடு வெறுமையாகக் கிடந்தது. நான் உள்ளே நடு அறைக்குப் போய்ப் பார்த்தேன். விட்டத்தில் இரும்புக் கொக்கி ஒன்று அப்படியே இருந்தது. மகளுக்குத் தொட்டில் கட்டிய கொக்கி. அவள் பிறந்தபோது எனக்காக என் வீட்டுக்காரர் அடித்துக் கொடுத்தது என்றுதான் அதைப் பற்றி எனக்கு நினைப்பு.

மாப்பிள்ளை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் பார்த்தபடி வந்தார். அன்று எனக்குக் கதவும் வேண்டியிருக்கவில்லை, சுவரும் வேண்டியிருக்கவில்லை.

"அதை எடுக்கலிங்களா?" என்றேன்.

அண்ணாந்து பார்த்தார். "அது நம்மளுது இல்லீங்க அத்த. கட்டும்போதே வச்சது. எல்லா வூட்டுலயும் இந்த ரூம்ல இருக்கும்."

எங்களுடையது எல்லாம் போய்விட்டது. எங்களுடையது இல்லாததுதான் மிஞ்சியிருந்தது. நான் கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் இரண்டடி பின்னால் போய், அறையை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்தார். அப்போது அவர் முகம் விரிந்தது. மகளிடம் அவர் சொன்ன, நான் பார்த்தே இராத சந்தோஷம் அதுதான். அதில் கெட்டது ஒன்றும் இல்லை. குழந்தை முகம் மாதிரி இருந்தது. என் வீட்டை முடித்துவிட்ட சந்தோஷம்.

"முடிஞ்சிதுங்க அத்த" என்றார்.

"ஒங்களுக்கு முடிஞ்சிதுங்க" என்றேன்.

அவருக்கு அது கேட்டதோ இல்லையோ தெரியவில்லை. சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பேசிக்கொண்டே வெளியே போனார். வேறொரு பிளாக்கில் யாரோ காலி செய்கிறார்கள் போலிருந்தது. கொட்டகை எந்தப் பக்கம் இறக்கியிருக்கிறது, தொட்டி செங்கல்லா சிமென்டா என்று கேட்டுக்கொண்டே போனார். பிறகு, "நாளைக்கிக் காலையில வந்து ஒரு சுத்து பாத்துட்டு, எந்தக் கெழமன்னு சொல்லிர்றங்க" என்றார். வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். நான் அந்த அறையிலேயே இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.